கோதண்டத்தின் அடுப்புச் சாம்பல்

மகள் கல்யாணச் சமையலைப் பேசி முடிக்க வந்திருந்தார் ஏகாம்பரம். கூடவே அவர் மச்சான் நடேசன். வெற்றிலை பாக்குத் தட்டு தயாராக இருந்தது. சமையல் மாஸ்டர் கோதண்டத்துக்கு ஆவணி முழுக்க வேறு ஒரு வேலையும் இல்லை. இதை விட்டால் கதி இல்லை என்று வாயைத் திறந்தார்.

“ஐயா, கேஸு, விறகு எதுவும் நீங்க வாங்க வேணாம். பழைய சுரங்கத்துக் கழிவைக் கொட்டி மலையாட்டம் ஒரு கரிமேடு இருந்துச்சே, அந்தத் தூளைச் சாணியில குழைச்சு வரட்டி தட்டி வச்சிருக்கேன். போன தை மாசம் ஒண்ணே ஒண்ணு கோட்டை அடுப்புல வச்சேன். அண்டா சோறு வெந்துடுச்சு.”

“ஒரு வரட்டியிலயா?” என்றார் நடேசன்.

“கேளுங்க. பக்கத்து மண்டபத்துல ஊறப் போட்டிருந்த அரிசியும் வெந்துடுச்சு! சண்டைக்கு வந்தாங்க. சாப்பாடு போட்டு அனுப்பினேன். ரெண்டாவது வரட்டி வச்சேன் பாருங்க, சாம்பார் ஆவியில கிரைண்டர் சுத்துது, சீரியல் லைட் எரியுது. கரண்ட் ஆபீஸ்காரங்க ஓடி வந்து, ‘மாஸ்டர், தாளிச்சிடாதீங்க, மூணு தாலுகா இதுலதான் ஓடுது’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”

“தாளிக்கலையே?”

“கைப்பழக்கம் விடுமா? தாளிச்சுட்டேன். மூணு தாலுகாவிலயும் பல்பெல்லாம் கடுகாட்டம் பொரிஞ்சுது!”

ஏகாம்பரம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சமையல் ஆனதும் இடம் சுத்தமா இருக்கணும் மாஸ்டர்.”

“என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க? பழைய அடுப்புச் சாம்பலை அள்ளாம அடுத்த தாம்பூலத்துல கை வைக்க மாட்டேன். எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அட, சுத்தம்னா கேளுங்க. மூணே முகூர்த்தத்துல அந்த மேட்டையே எரிச்சுத் தீர்த்துட்டேன். முன்னெல்லாம் மேடு மறைச்சு எங்க தெருவுல பத்து மணிக்குத்தான் வெயில் வரும். இப்ப ஆறு மணிக்கே வருது. சேவலுங்க தூக்கம் கெட்டு எம்மேல கோவமாத் திரியுதுங்க.”

நடேசன் எழுந்தே விட்டார். “யோவ், இப்பதானே அந்த மேட்டைச் சுத்திக்கிட்டு வந்தோம்! அப்படியே நிக்குதே?”

கோதண்டம் அசரவில்லை.

“அதுவா? அது என் அடுப்புச் சாம்பல்.”

ஏகாம்பரம் நீட்டப்போன வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சரி மாஸ்டர். அள்ளி முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க. தாம்பூலத்தோட வரேன்.”