நடுவில் நின்ற வெண்கலச் சுற்று

நியாயம் பேசுவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாதியிலேயே தீர்ப்புச் சொல்ல வாய் துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல நாடுகள் கூடும் விளையாட்டு விழா அது. ஒரு பக்கம் நீச்சல், ஒரு பக்கம் மல்யுத்தம், ஓர் அரங்கத்தில் மட்டும் வீடியோ கேம். சிரிக்காதீர்கள், அதற்கும் அதே பதக்கம்தான், அதே கொடிதான். திரையில் இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் சண்டை ஆட்டம். வெண்கலத்துக்கான போட்டியில் இடப்பக்க நாற்காலியில் இந்தியாவின் பெனிட்டா, தூத்துக்குடிக்காரி. வலப்பக்கம் இலங்கையின் துவாரகன், யாழ்ப்பாணத்துக்காரன், அவளைவிட இளையவன்.

பதக்கம் இல்லாமல் திரும்பினால் அடுத்த முறை இந்திய வீடியோ கேம் அணியே கிடையாது என்று விளையாட்டுச் சங்கத்தார் வழியனுப்பும்போதே சொல்லிவிட்டார்கள். பெரிய அணியெல்லாம் இல்லை, இரண்டே பேர். இன்னொருவன் ஆம்பூர் ஹமீது. காலையில் அதே இடப்பக்க நாற்காலியில் ஆடித் தோற்றிருந்தான். மறுநாள் கால்பந்து கேமில் அவனுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. இப்போது பார்வையாளர் வரிசையில், பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இந்த ஆட்டக்காரர்களிடம் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. சுற்று நடக்கும்போது யாருடைய கன்ட்ரோலரால் ஆட்டம் நிற்கிறதோ, அவருக்கு அந்தச் சுற்று போச்சு. தெரியாமல் விரல் பட்டாலும் போச்சுதான். எதிராளியை மீளவிடாமல் அடிமேல் அடி அடுக்குவதைக் காம்போ என்பார்கள். அதில் சிக்கியவரால் ஒன்றும் செய்ய முடியாது. அடிப்பவருக்கோ இம்மி தாளம் தப்பினாலும் காம்போ அறுந்துவிடும். நடுவில் நிறுத்தினால் அந்தத் தாளம் கெட்டுப்போகும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஒயர் இல்லாத கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. எழுந்து போகுமுன் கேம் பெட்டியோடு கன்ட்ரோலருக்கு இருக்கும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். தோற்ற கடுப்பில் ஹமீது அதை மறந்து, இடப்பக்கக் கணக்கில் இருந்த கன்ட்ரோலரை அப்படியே பைக்குள் போட்டுவிட்டான்.

ஆட்டம் சமமாகி, கடைசிச் சுற்றுக்கு வந்தது. திரையில் இருவரின் வீரர்களுக்கும் மிஞ்சியிருந்த உயிர் கொஞ்சம்தான். துவாரகன் முந்திக்கொண்டான். அவன் காம்போவில் பெனிட்டாவின் வீரன் சிக்கிவிட்டான். ஓர் அடி, இரண்டாவது அடி, இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. ஹமீது பதற்றத்தில் பையை இறுக்கினான்.

ஆட்டம் நின்றது.

பெனிட்டா தன் விரல்களைப் பார்த்தாள். எதுவும் பட்டதாக அவளுக்குத் தெரியவில்லை. ஹமீதின் பைக்குள் மட்டும் நீலமாக ஒரு விளக்கு எரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் அசையாமல் இருந்தான். நடுவரான தாய்லாந்து அம்மாள் திரையருகே போய் உற்றுப் பார்த்துவிட்டு, நிறுத்தியது இடப்பக்கம் என்று அறிவித்தார். அப்படியானால் சுற்று துவாரகனுக்கு, வெண்கலமும் அவனுக்கு.

அப்போதுதான் ஹமீது எழுந்தான். "அவங்க இல்ல, என் பையில இருக்கிற கன்ட்ரோலர்" என்று கத்தி, அதை உயர்த்திக் காட்டினான்.

நடுவர் சோதித்துப் பார்த்தார், அவன் சொன்னது மெய்தான். உன் கவனக்குறைவுக்குத் தண்டனை, நாளைய ஆட்டம் உனக்கு இல்லை என்றார். பிறகு ஆட்டக்காரர்களிடம் திரும்பினார். வெளியிலிருந்து தடை வந்தால் முழு உயிரோடு முதலிலிருந்து ஆடுவதுதான் விதி. இருவரும் ஒப்பினால் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பெனிட்டா துவாரகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் உன் அடியில மாட்டிக்கிட்டுக் கெடந்தேன்லா? முதல்லருந்து ஆடுனா அது ஞாயமில்ல. விட்ட இடத்துலருந்தே ஆடுவோம்."

துவாரகன் சற்று யோசித்தான். நின்றுபோன காம்போவை மறுபடி பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? "ஓம் அக்கா. ஆனா எனக்காக விட்டுத்தரக் கூடாது. உண்மையா ஆடவேணும்."

"சரி" என்றாள் அவள்.

நடுவர் எண்ணி, ஆட்டத்தை ஓடவிட்டார். துவாரகன் அழுத்தினான். கண்ணிமைக்கும் நேரம் பிந்திவிட்டது. காம்போ அறுந்தது, பெனிட்டாவின் வீரன் விடுபட்டான். எதிரே துவாரகனின் வீரன் கை நீட்டியபடி, தடுக்க வழியில்லாமல் நின்றான். ஒரே ஒரு அடி போதும். அவள் விரல் தயங்கியதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள்.

பிறகு அடித்தாள். வெண்கலம் அவளுக்கு.

அரங்கத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். துவாரகன் அவளிடம் கைகுலுக்கிவிட்டு நேரே ஹமீதிடம் போனான். "அண்ணா, வலப்பக்கம் எண்டு நடுவர் சொல்லியிருந்தா நீங்கள் எழும்பியிருப்பீங்களோ?" என்று கேட்டான்.

உண்மையைச் சொல்லித் தன் ஆட்டத்தை இழந்தான் ஹமீது. முழு உயிரோடு ஆடும் வாய்ப்பை எதிராளியின் ஒரு சொல்லுக்காகப் பணயம் வைத்தான் துவாரகன். புதுச் சுற்றை வேண்டாம் என்றுவிட்டு, கிடைத்த அடியை விடாமல் அடித்தாள் பெனிட்டா. இப்போது வாயைத் திறக்கலாம். மூவரில் யார் செய்தது சரி? யார் செய்ததில் குறை?

விடை: பெனிட்டா செய்தது சரி. புதுச் சுற்று அவளுக்குக் கிடைத்தது, அதை அவள் விட்டுக்கொடுக்கலாம். உண்மையாக ஆடுவேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு அந்த அடியை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. அடிக்காமல் நின்றிருந்தால் துவாரகனை ஏமாற்றியவளாவாள். துவாரகனும் தெரிந்தே துணிந்தான், அவனிடமும் குறை இல்லை. குறை ஹமீதிடம்தான். விளக்கைப் பார்த்த கணத்தில் எழாமல், பழி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு எழுந்தான். ஆனாலும் அவனை முழுதாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. துவாரகன் கேட்டபோது அவன் சமாளிக்கவில்லை. "எழுந்திருக்க மாட்டேன், தம்பி" என்றான்.