கொடுக்கு தூக்கும் கரை

வயல் வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. அங்கே குடியிருந்த செம்பி என்ற நண்டின் வயிற்று மடிப்புக்குள் அப்போதுதான் பொரிந்த குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரச் சேறு கிடைக்காவிட்டால் அவை பிழைக்காது. வாய்க்கால் வழியே போனால் ஆற்றங்கரை வரும். அங்கே சேறு காய்வதே இல்லை. ஆனால் செம்பி தன் வரப்பைத் தாண்டிப் போனவள் இல்லை.

"ஆத்தங்கரைக்கா போற?" என்று கண்ணை உருட்டியது தவளை. "அந்த ஊர் நண்டுங்களுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவு பெருசு! வெளியூர்க்காரங்களைக் கண்டா கிழிச்சுப் போட்டுருவாங்களாம்!"

"நீ பார்த்திருக்கியா?"

"நானா? நான் ஏன் அங்கெல்லாம் போறேன்!"

பார்க்காதவர் சொன்ன கதை அல்லவா, செம்பியின் மண்டைக்குள் நன்றாகவே உட்கார்ந்துகொண்டது. வரப்பு கண்ணுக்கு மறைந்ததும் திரும்பிவிடலாமா என்று பல தடவை நின்றாள். குஞ்சுகளை நினைத்து மறுபடி நடந்தாள்.

ஆற்றங்கரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது. கரை முழுக்க நண்டுகள்! அவளைக் கண்டதும் ஒவ்வொன்றும் தன் பெரிய கொடுக்கை உயரத் தூக்கியது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுக்கை ஆட்டியபடி அவளையே பார்த்தன.

செம்பியின் வயலில் கொடுக்கைத் தூக்கினால் அர்த்தம் ஒன்றுதான்: சண்டைக்கு வா! அவளுக்குப் பத்துக் கால் இருந்தும் ஒன்றுகூட ஓடவில்லை. எப்படியோ தட்டுத்தடுமாறி, கரைமேட்டில் ஒரு காய்ந்த வளைக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டாள்.

"அம்மா, தண்ணி வாசம் வருதே! போலாமா?" என்றது மூத்த குஞ்சு.

"பேசாம இரு! கேட்டா கொன்னுடுவாங்க!"

"அவங்க நம்மள ஏதாச்சும் பண்ணினாங்களாம்மா?"

"பண்ணப் போறாங்க!"

மறுநாள் மண்ணை லேசாக விலக்கி எட்டிப் பார்த்தாள். கொடுக்குகள் இன்னும் வேகமாக ஆடின. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வளைக்குள் அனல் அடித்தது. மடிப்புக்குள் குஞ்சுகளின் நெளிவு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தண்ணீர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. "இதுக்கு வயல்லயே செத்திருக்கலாமே!" என்று செம்பி அழுதாள். பாவம்தான், ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

"அம்மா..." என்றது மூத்தது. அதற்குமேல் அதற்குக் குரல் எழவில்லை.

செம்பிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படியும் சாவுதான்! சண்டை போட்டே சாகிறேன்!" மண்ணை உடைத்து வெளியே வந்தாள். தன் சின்னக் கொடுக்கை உயரத் தூக்கி ஆட்டினாள்.

"வாங்கடா!"

கரையே ஆரவாரம் செய்தது.

"அப்பாடா! பதில் வணக்கம் வெச்சுட்டாங்க!" என்று ஒரு பெரிய நண்டு ஓடி வந்தது. "வாங்கம்மா, வாங்க! எத்தனை நாளா கொடுக்கைத் தூக்கிக் கூப்பிடுறோம்! கையே விட்டுப் போச்சு! நீங்க பதிலுக்குத் தூக்குற வரைக்கும் கிட்ட வந்து பேசுறது எங்க ஊர்ல மரியாதை இல்லீங்க. தண்ணி ஓரமா உங்களுக்குன்னு ஒரு வளைகூடத் தோண்டி வெச்சிருக்கோம்!"

செம்பி சேற்றுக்கு ஓடினாள். மடிப்பைத் திறந்தாள். குஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்து அப்படியே கிடந்தன. மூத்தது மட்டும் ஒரு காலை அசைத்தது.

"மத்த பிள்ளைங்க தூங்குறாங்களா?" என்று மெல்லக் கேட்டது பெரிய நண்டு.

செம்பி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்; ஒன்றிலும் உயிர் இல்லை. கரையில் உயர்ந்திருந்த கொடுக்குகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

புது ஊரின் வழக்கத்தைக் கேட்டறியாமல் பயந்து ஒளிபவர், வரவேற்பையும் பகையென்று எண்ணி, காக்க வந்ததையே இழந்துவிடுவார்.