நீர்நாய் பாறையில் எச்சமிடும் காரணம்

விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மாயாற்றங்கரை முழுக்கப் பெருநீர்நாய்களின் இடமாக இருந்தது. இன்றைக்கு மீனுக்கு முங்குகிற நீர்நாயை வைத்து அவற்றை அளக்கக் கூடாது. ஒவ்வொன்றும் காளை மாட்டுப் பருமன். தண்ணீரிலும் வேட்டை, தரையிலும் வேட்டை. முதலையைக் கழுத்தில் கவ்விக் கரைக்கு இழுத்துப் போடும். அதற்குப் பயந்து முதலைகள் துறைப்பக்கமே வருவதில்லை. துறைக்குத் தண்ணீருக்கு வருகிறவற்றை நீர்நாய்கள் தொடுவதில்லை; மான்களும் காட்டெருமைகளும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மூக்காயி. அவளுடைய சித்தி மகள் சின்னி குட்டை வம்சம், மூக்காயியின் முழங்கால் உயரம்கூட இல்லை. வாய் மட்டும் காடு முழுக்கக் கேட்கும்.

பெருநீர்நாய்களுக்குச் சுத்தம் ஒரு வெறி. தின்ற எலும்பை ஆற்றோடு விட்டுவிடும். எச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்து மேலே சருகு தள்ளும். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதான் பெரிய குடும்பத்துக்கு அழகு என்று குட்டிகளுக்குச் சொல்லி வளர்த்தன.

ஒரு வறட்சி வருஷத்தில் வடக்கேயிருந்து ஒரு புலி வந்தது. எலும்பும் தோலுமாக நின்றது.

"அக்கா, மழை விழுகிற வரைக்கும் இந்தப் பள்ளத்துல ஒதுங்கிக்கிறனுங்க."

"அதுக்கென்ன, இருந்துட்டுப் போங்க" என்றாள் மூக்காயி.

புலி சும்மா இருக்கவில்லை. தினமும் நாலு மரத்தை நகத்தால் கீறியது. புதருக்குப் புதர் மூத்திரம் பீய்ச்சியது. சின்னி ஓடிவந்து கத்தினாள்.

"ஏனுங்கக்கா, கண்ட எடத்துலயும் அடிச்சு வெக்கிறானே, கேக்கமாட்டீங்களா?"

"விருந்தாளி புள்ள அவன். விடு, போகட்டும்."

மழை விழுந்தது. ஆறு நிறைந்தது. புலியும் கொழுத்துவிட்டது. கிளம்பச் சொன்னபோது, "எங்கே கிளம்பறது? இது என் எடம்" என்றது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்றால் இதுதான்.

மூக்காயி ஒரு கடி கடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் முறை தெரிந்தவள். பஞ்சாயத்து கூட்டினாள். என்ன தீர்ப்பு வந்தாலும் கட்டுப்படுவதாக ஆற்றுத் தண்ணீரில் கை வைத்து வாக்குக் கொடுத்தாள். கிழப் பெண் யானை தீர்ப்புச் சொல்ல வந்து நின்றது.

"பெரியம்மா, என் பாட்டன் பொறந்த எடமுங்க இது" என்று புலி கூசாமல் புளுகியது. "நாப்பது மரத்துல என் நகம் இருக்குது. எந்தப் புதரை வேணும்னாலும் மோந்து பாருங்க."

யானை மோந்து பார்த்தது. எங்கும் புலி வாசம். மூக்காயியின் வாசம் எங்கேயும் இல்லை. அவள்தான் எல்லாவற்றையும் புதைத்துவிட்டாளே! அவ்வளவு பெரிய தும்பிக்கைக்கு, எதிரே காளை மாதிரி நின்றவள் தெரியவில்லை.

மூக்காயி கடமானைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். "தெனமும் என் துறையில தண்ணி குடிக்கறியே, நீ சொல்லு."

கடமான் புலியின் வாயைப் பார்த்தது. "தலையக் குனிஞ்சுதானுங்க தண்ணி குடிப்பேன். கரையில ஆரு இருக்காங்கன்னு பாத்ததில்லீங்க."

காட்டெருமை வானத்தைப் பார்த்தது. குரங்கு முதுகைச் சொறிந்தது. நன்றி கெட்ட கூட்டம்.

"அடையாளம் இருக்கறவங்களுக்குத்தான் எடம்" என்றது யானை.

மூக்காயி கொடுத்த வாக்குக்காகக் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு மலையேறிப் போனாள். கூட்டம் மொத்தமும் பின்னால் போனது. மலைக்கு அந்தப் பக்கம் ஆறும் இல்லை, இரையும் இல்லை. போனதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. என்ன ஆனார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சின்னி மட்டும் போகவில்லை. அவள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கலையப் பார்த்த பஞ்சாயத்தை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, இன்னொருக்கா சொல்லுங்க. அடையாளம் இருந்தா எடமா?"

"ஆமா."

சின்னி விடுவிடுவென்று துறையிலிருந்த உயரமான பாறைமேல் ஏறினாள். அத்தனை பேர் பார்க்க வாலைத் தூக்கினாள். எச்சமிட்டாள். மீன் செதில் வெயிலில் மின்னியது. பிறகு புருஷனையும் நாலு குட்டிகளையும் கூப்பிட்டு, அதே இடத்தில் வெளிக்கிருக்கச் சொன்னாள்.

"மோந்து பாருங்க பெரியம்மா! நல்லா மோந்து பாருங்க! எங்கக்கா மாதிரிப் புதைக்க மாட்டேன். மழையில கரைஞ்சா நாளைக்கு மறுபடியும் வெப்பேன்!"

யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. சொன்ன சொல்லை மாற்ற வழியில்லை. "பாறையும் அதைச் சுத்தின தண்ணியும் உங்களுக்கு" என்று முனகியது. புலி உறுமியது. சின்னியின் குடும்பம் மொத்தமும் கழுத்தை நீட்டி நின்று திருப்பிக் கத்தியது.

மறுநாளே துறைக்கு முதலை வந்தது. மான்கள் குய்யோ முறையோ என்று அலறின. அலறட்டும்.

நீர்நாய்க் குடும்பம் ஆற்றோரப் பாறையில், ஒரே இடத்தில், ஊருக்கே நாறும்படி எச்சமிட்டு வைப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். அதைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்த வேண்டாம்; அது அவர்கள் வீட்டுப் பட்டா.