குடத்துக்குள் போன சிம்மாசனம்

ஒரு காலத்தில் மேலக்குன்றச் சீமையை வல்லமராயன்னு ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனா காதுல ஊதினவன் பக்கமே சாய்வான்.

அந்தச் சீமையில் ஏரி மதகைத் திறக்கும் அதிகாரம் குடவோலையில் வந்தது. வெறும் குடத்தை ஊர் முன்னால கவிழ்த்துக் காட்டி, பேர் எழுதின ஓலைகளைப் போட்டு, குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். வந்தவன் அந்த வருஷம் தண்ணீர் விடுவான். பிடிக்கலேன்னா ஊர்ச்சபையில் வாயாரத் திட்டலாம்.

தன் வருஷத்தில் தன் வயலுக்கே தண்ணீர் விட்டு, ஊர்ச்சபையில் திட்டு வாங்கியே அலுத்துப்போன பண்ணையார் அம்பலவாணர் ராஜா காதுல ஓதினார். "வெயில்ல ஜனங்க ஏன் கஷ்டப்படணும் மகாராஜா? குடத்தை அரண்மனையிலேயே வெச்சுக்கலாமே."

ராஜா சரின்னான். அதுக்கப்புறம் குடத்தில் அம்பலவாணர் உறவுக்காரன் பேர்தான் வந்தது. தண்ணீரும் அவர் வயலுக்கே போச்சு. ஜனங்க முணுமுணுத்தாங்க. நாலு பேர் கூடினா குற்றம்னு சட்டம் வந்தது. கூடாமலே முணுமுணுத்தாங்க. குடத்தைப் பத்திக் கேள்வி கேட்டா ராஜ துரோகம்னு அடுத்த சட்டம் வந்தது. ஊர் ரொம்ப அமைதியாச்சு.

மாசிலாமணின்னு ஒரு விவசாயி மட்டும் அரண்மனை வாசலில் வந்து நின்னு, "குடத்துக்குள்ள ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கணும்" என்றான். அவனை நாடு கடத்தத் தீர்ப்பாச்சு.

வண்டி பூட்டும்போது மந்திரி ஆதிநாதர் ராஜசபையில் எழுந்தார்.

"மகாராஜா, குடவோலை இப்போ பிரமாதமா நடக்குது. உங்க சிம்மாசனத்தையும் அதில் விட்டுடலாம். ஜனங்களே தேர்ந்தெடுத்த ராஜான்னு நாலு தேசத்தில் பேசுவாங்க."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "பேஷ்! ஓலை எழுதுறது யாரு?"

"அம்பலவாணர். கை பழகினவர்."

"எடுக்கிறது?"

"அவர் மச்சான்."

"படிக்கிறது?"

"அவர் மருமகன்."

"மாத்திப் படிச்சிட்டா?"

"கேட்டா ராஜ துரோகம், மகாராஜா. அந்தச் சட்டத்துக்கு நீங்க போட்ட முத்திரைதான்."

ராஜா மீசையைத் தடவுறதை நிறுத்தினான். அம்பலவாணர் முகமெல்லாம் பல்லாக, "பாரத்தை என் தலையில் போடுங்க, கச்சிதமா முடிச்சுத் தர்றேன்" என்றார். அவ்வளவு ஆர்வமா அவர் எதையும் கேட்டதே இல்லை. ராஜா சிம்மாசனத்தை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

"அடேய், இது தப்புன்னு யாராவது சொல்லுங்கடா!" என்று சபையைப் பார்த்துக் கத்தினான்.

"மகாராஜா யோசனை அற்புதம்!" என்றது சபை, ஒரே குரலில். பாவம், அவங்களுக்கு வேற எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

"வேண்டாம்னு சொல்ல ஒருத்தன்கூட இல்லையா இந்த நாட்டில்?"

"ஒருத்தர் இருக்கார்" என்றார் மந்திரி. "இப்போ வண்டியில் ஏத்திக்கிட்டு இருக்காங்க."

ராஜா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். மூச்சிரைக்க வண்டியை மறிச்சு, மாசிலாமணி கைக்கட்டைத் தானே அவிழ்த்தான். "ஐயா, என் சிம்மாசனத்தைக் குடத்தில் விடப் பார்க்கிறாங்க. நீ என்ன சொல்றே?"

"தாராளமா விடுங்க. ஆனா நான் உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன்."

"பாருய்யா! தோள்வரைக்கும் விட்டுப் பாரு!"

அன்னைக்கே ரெண்டு சட்டமும் ரத்தாச்சு. குடம் சந்தைத் திடலுக்குத் திரும்பிச்சு. அதை ஊரெல்லாம் கவிழ்த்துக் காட்டிக்கிட்டே தூக்கிட்டுப் போற வேலை அம்பலவாணருக்கு. ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டு, தன் பெருந்தன்மையை நினைச்சுத் தானே கண் கலங்கினான்.

மறுநாள் ஊர்ச்சபை கூடினது. தன்னை வாழ்த்தப் போறாங்கன்னு ராஜா முன்வரிசையில் உட்கார்ந்தான். மாசிலாமணி எழுந்தான்.

"மகாராஜா, அம்பலவாணர் சொன்னாருன்னே வெச்சுக்குவோம். முத்திரை போட்ட கை யாரோடது?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி, "கேள்வி உங்களுக்குத்தான் மகாராஜா" என்று சொல்லி, தள்ளி உட்கார்ந்துகொண்டார்.