ஏழாவது பசை

துறைமுகச் சாலையில் பல்செட் செய்து கொடுக்கும் கடையின் மாடியில், மாலை நேரங்களில் ஸ்டெனிலா பிளாஸ்டிக் மாடல்கள் செய்யக் கற்றுக்கொடுத்தாள். பகலில் கீழே பல்செட் செய்பவளும் அவள்தான். வயது முப்பத்தொன்று. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த கஸ்பாருக்கு அறுபத்து நான்கு.

கஸ்பார் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் இழுவைப் படகு ஒன்றில் முப்பது வருடம் இன்ஜின் பார்த்தவர். மேலே சுக்கான் பிடித்தவர் அவருடைய அண்ணன் தொம்மை. ஒரு நாள் படகு கப்பல் அணையும் மேடையில் மோதியது. விசாரணையில் அண்ணன் தம்பியைக் கைகாட்டினார், தம்பி அண்ணனை. பிறகு பதினோரு வருடம் பேச்சில்லை.

இப்போது கஸ்பார் அதே வகைப் படகின் மாடலைச் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவது என்று முடிவு. அண்ணன் மகளிடம் சொல்லியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் படியேறி வந்தபோது படகு இன்னும் இரண்டு பாதியாகவே இருந்தது.

"ஒட்ட மாட்டேங்குது டீச்சர்."

"என்ன பசை போட்டீங்க அண்ணாச்சி?"

அவர் ஓர் அட்டையை மேசைமேல் வைத்தார். மாடலின் பாகங்களைக் கழற்றிய பின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை நறுக்கி, துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒட்டிப் பார்த்திருந்தார். ஒன்பது ஜோடி, ஒன்பது பசை. ஒவ்வொன்றின் கீழும் பசையின் பெயர், காய்ந்த நேரம், எத்தனை முறை தரையில் போட்டும் விடவில்லை என்ற குறிப்பு.

ஸ்டெனிலா ஏழாவது ஜோடியைப் பிடித்து வளைத்தாள். துண்டு வேறிடத்தில் முறிந்தது. ஒட்டிய இடம் விடவில்லை.

"உருக்கி ஒட்டுற பசை. நல்லாப் பிடிச்சிருக்கே."

"அதைத்தான் படகுக்கும் போட்டேன். காலையில பார்த்தா மட்டிச் சிப்பி மாதிரி வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கு. குப்பை ஒட்டுது, படகு ஒட்டலை. என்ன நியாயம் இது?"

அவள் ஒரு பாதியைத் திருப்பினாள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. உள்பக்கமும், இரண்டு பாதியும் சேர வேண்டிய விளிம்பும்கூட ஓர் இடம் விடாமல் பளபளத்தன.

"இந்தத் துண்டுகளுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

கஸ்பார் சிரித்தார். "குப்பைக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"

"அதான் ஒட்டுச்சு."

சிரிப்பு நின்றது.

"இந்தப் பசை உருக்குறது பிளாஸ்டிக்கை. ரெண்டு விளிம்புலயும் உங்க பெயின்ட்தானே நிக்குது." அவள் கத்தியை நீட்டினாள். "சுரண்டுங்க."

"மூணு வாரம் டீச்சர்! அந்தச் சிவப்பு வர நாலு தடவை கலக்கினேன். விளிம்பைச் சுரண்டினா வெளியிலயும் பெயரும்."

"பெயரட்டுமே."

"அண்ணன் என்ன நினைப்பான்? சர்க்கரையில அவனுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு. இப்ப எல்லாத்தையும் விரலாலதான் பார்க்கான். சேர்ந்த இடம் விரலுக்குத் தட்டக் கூடாதுன்னுதான் நானும் இத்தனை பசை..."

அவர் சிவப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

பிறகு கத்தியை வாங்கிக்கொண்டார்.

விளிம்போடு சேர்ந்து வெளிச்சிவப்பும் செதிலாக உதிர்ந்தது. கை நிற்கவில்லை. முனையிலிருந்து முனைவரை வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"இப்பவே ஒட்டிருவோமா?"

ஸ்டெனிலா ஏழாவது பசையின் புட்டியை அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

"இங்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை அங்க போய் ஒட்டுங்க."

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்?"

"பத்து நிமிஷம். அசையாம."

"ஒரு ஆளால ஆகாது டீச்சர். முன்பக்கத்தை அமுக்கினா பின்பக்கம் விலகுது. ரப்பர் பேண்ட் போட்டுக்கறேன்."

அவர் கை நீட்டுவதற்குள், மேசையில் கிடந்த ரப்பர் பேண்டுகளை ஸ்டெனிலா வழித்து இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

"உங்க அண்ணனுக்குக் கை நல்லாத்தானே இருக்கு?"