பேரைத் தொலைத்த பேய்

மலைக்கெல்லாம் இறக்கை இருந்ததாமே, அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நடந்தது இது. ஆடு மேய்க்கிற பவளாயி, தொலைந்த குட்டியைத் தேடிப் பாழடைந்த அரண்மனைக்குள் நுழைந்தாள். உச்சிவெயில். காற்றே இல்லை, கதவெல்லாம் படபடவென்று அடிக்கிறது!

இடிந்த சுவர்மேல் ஒரு வாலிபன் அங்குமிங்கும் அலைகிறான், கையில் அவள் குட்டி. கீழே பார்த்தால் காலே இல்லை. நம்ம பவளாயியா பயப்படுவாள்?

"குட்டியைக் குடு. ஏன் இப்படி அலையறே? ஓரிடத்துல நில்லேன்!"

"நிக்க முடியலையே பெண்ணே! நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு மந்திரவாதியைப் பார்த்துச் சிரிச்சேன். என் பேரைப் பிடுங்கிக்கிட்டான். என்மேல ஆசை வெச்சவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் விமோசனம். நாளை மறுநாள் நிழல் சாஞ்சா காத்தோட காத்தாப் போயிடுவேன்."

சொல்லிக்கொண்டே குட்டியை எவ்வளவு பதமாக இறக்கிவிட்டான் தெரியுமா! பவளாயி மனசு அங்கேயே விழுந்துபோச்சு.

"அந்தக் கதவைத் தாண்டினா நான் இளவரசனா உயிரோட இருந்த காலம். நிழல் காலடியில இருக்கிறவரைக்கும்தான் திறந்திருக்கும்" என்றான்.

தாண்டினாள். ஒரே மேளமும் கூட்டமும். இளவரசன் பேரென்ன என்று காவலாளியைக் கேட்டாள்.

"இளவரசர் பேரைச் சொன்னா நாக்கை அறுத்துடுவாங்க, ஓடு!"

நிழல் சாயப் பார்த்தது. ஓடி வந்தாள்.

மறுநாளும் தாண்டினாள். மகாராணியைக் கேட்டாள்.

"அவன் எனக்கு ராசா. வேற பேர் எதுக்கு?"

திரும்பவும் ஓட்டம்.

மூன்றாம் நாள் நேரே இளவரசனிடமே போய் நின்றாள். அந்தக் காலத்தில் அவனுக்குக் கால் இருந்தது!

"உன் பேரென்ன?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே!" என்று சிரித்தான். "மூணு நாளா உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். கட்டிக்கப்போறவகிட்டதான் பேர் சொல்வேன்."

"அப்போ கட்டிக்கோ!"

மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான். காதோரம் பேரைச் சொன்னான். பவளாயி ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

இங்கே சுவர் சரிகிறது, நிழல் அசைகிறது, பேய் துடிக்கிறது. வாயைத் திறந்தாள். வரலையே! மாலை போட்ட புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்? நம்ம ஊர் நாக்காச்சே!

"என்னங்க..." என்றாள். அவன் தோள் மறைந்தது.

"இந்தாங்க..." மார்பு மறைந்தது. அடி பாவி, சொல்லித்தொலையேன்!

முகம் மட்டும் மிச்சம். அழுகையும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது பவளாயிக்கு.

"டேய் மருதவேலு! வாடா இங்கே!"

தொப்பென்று விழுந்தான், இரண்டு காலோடும். எழுந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரிடத்தில் நின்றான்.

அந்த ஊரில் இன்றைக்கும் பெண்டாட்டிகள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதை இல்லையே என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆட்டை ஓட்டிக்கொண்டே மருதவேலு சொல்வானாம்:

"அந்த மரியாதையிலதான்யா நான் பாதி காத்தாப் போயிட்டேன்."