கரை ஒதுங்கிய சொல்

ஐப்பசிப் புயல் ஓய்ந்த மறுநாள், கோரைப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு கிழவர் ஒதுங்கிக் கிடந்தார். உடைந்த கப்பல் பலகை ஒன்றை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். மீனவர்கள் பலகையிலிருந்து அவருடைய கைகளைப் பிரித்தெடுத்து, பூதி அடிகளின் மொழிப்பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அயல்நாட்டார் யார் கரையேறினாலும் அங்கே கொண்டுவருவதுதான் வழக்கம். பூதி அடிகள் துறவி. கடல் கடந்து போகும் வணிகர்களுக்கு அந்தந்த நாட்டுப் பேச்சைக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய மாணவர் சேந்தன், வயதில் அடிகளைவிட மூத்தவர். பாதி ஆயுளைக் கப்பல்களில் கழித்தவர். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தெந்தக் கரைக்குப் போய் என்னவாக மாறியது என்று அறியும் ஆசை அவரை அடிகளிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

கிழவர் கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"மா" என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை. வெயிலும் உப்பும் தின்ற முகம். எந்த நாட்டு முகம் என்று சொல்ல முடியவில்லை. சேந்தன் தனக்குத் தெரிந்த மொழிகளில் எல்லாம் பேசிப் பார்த்தார். கிழவரின் காதில் கடல்நீர் புகுந்து அடைத்திருந்தது. எதுவும் அவருக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

"மா" என்றார் மறுபடியும்.

மாலையில் துறைத் தலைவர் வந்து பார்த்தார்.

"வாடைக் காற்று எழுந்துவிட்டது. அரபு நாட்டுக் கப்பல் ஒன்றும் ஈழத்துக் கப்பல் ஒன்றும் காலையில் கிளம்புகின்றன. இவரை இலவசமாகவே ஏற்றிக்கொள்வார்கள். எந்த நாட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்."

"இங்கேயே வைத்துக்கொண்டால்?" என்று கேட்டார் சேந்தன்.

"மனிதர் ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்கிறாரே. தன் மனிதர்களைப் பார்த்தால் ஒருவேளை பிழைப்பார்."

துறைத் தலைவர் போன பிறகு சேந்தன் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். அரபு மொழியில் 'மா' என்றால் தண்ணீர். கிழவர் குவளையைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார்.

சேந்தனின் முகம் மலர்ந்தது. "அடிகளே, இவர் அரபு நாட்டார்."

"தாகம் எந்த நாட்டாருக்குத்தான் இல்லை?" என்றார் அடிகள்.

சேந்தன் குவளையை வாங்கிக் கீழே வைத்தார். கிழவரின் உப்பேறிய உடையை மாற்றப் போனார். கிழவர் அவர் கையைத் தள்ளிவிட்டார். "மா!"

"வடமொழியில் அது 'வேண்டாம்' என்ற பொருளிலும் வரும்" என்றார் சேந்தன். இப்போது குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

அடிகள் விளக்கைத் தூண்டிவிட்டார். கிழவர் தன் மார்பில் கை வைத்துக்கொண்டு விசும்பினார். "மா... மா..."

"ஈழத்தில் 'மா' என்றால் 'நான்'. மார்பைத் தொட்டுக் காட்டுகிறாரே!" சேந்தன் எழுந்து நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "வடக்கே போனால் அது தாய். தெலுங்கில் 'எங்கள்'. சீனத்தில் ஒரு குரலில் சொன்னால் தாய், இன்னொரு குரலில் சொன்னால் குதிரை. நம்மிடமோ மாமரம், மாவு, விலங்கு, பெரியது, இன்னும் எத்தனையோ. இத்தனூண்டு சொல். எல்லாம் இவருக்குப் பொருந்துகிறது அடிகளே."

"எல்லாமா?"

"குதிரையைத் தவிர."

அடிகள் சிரித்தார். சேந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தப்பான கப்பலில் ஏற்றிவிட்டால், இவர் அயல் மண்ணில் கிடந்து சாவார். அந்தப் பாவம் என்னுடையது."

"ஆமாம்" என்றார் அடிகள்.

காலையில் சேந்தன் அரபுக் கப்பல் என்று முடிவு செய்தார். தண்ணீரைப் பிடுங்கிக் குடித்ததைவிடத் தெளிவான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. கிழவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய், கப்பலுக்குப் போகும் படகில் உட்காரவைத்தார்கள். அடிகளும் கூட வந்திருந்தார்.

படகு அசைந்ததும் கிழவர் துள்ளி எழுந்தார். கடல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கரையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கை இரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"மா...!"

படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள். சேந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அடிகளே, நான் கற்றதில் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள். இந்தச் சொல்லுக்கு எந்த மொழியில் என்ன பொருள்?"

அடிகள் திரும்பினார். மணலில் ஏறி நடந்தார். வலை காயப்போட்டிருந்த இடத்தையும் தாண்டிப் போனார். கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்துச் சேந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேந்தரே!"

சேந்தன் சட்டென்று திரும்பினார். "சொல்லுங்கள் அடிகளே."

அங்கிருந்தபடியே அடிகள் கேட்டார். "இப்போது நான் சொன்ன சொல்லுக்கு அரபு மொழியில் என்ன பொருள்?"

"அரபு மொழியிலா? அப்படி ஒரு சொல்லே அங்கே இல்லையே."

"ஈழத்தில்?"

"அங்கும் இல்லை. அது என் பெ..."

சேந்தன் பாதியில் நிறுத்தினார். படகில் நின்றுகொண்டிருந்த கிழவரைப் பார்த்தார்.

"இறக்குங்கள்" என்றார் படகோட்டிகளிடம். "அவரை இறக்குங்கள்!"

கப்பல்கள் இரண்டும் பாய் விரித்துப் போய்விட்டன. கிழவரை அடிகளிடம் விட்டுவிட்டுச் சேந்தன் கரையோரமாகத் தெற்கே நடந்தார். புயலுக்குப் பின் நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்று மீனவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு குப்பத்திலும் நின்று, "மா!" என்று கூப்பிட்டார். பிள்ளைகள் கூடவே ஓடிவந்து ஆடு மாதிரி கத்தின. ஒரு குடிசையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"மாவா? நேத்தே தீந்துபோச்சே ஐயா."

நாய்கள் துரத்தின. குரல் கம்மிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. அது பெயரே இல்லையோ என்ற சந்தேகமும் வந்தது. இருந்தாலும் நடந்தார்.

உப்பளத்தை ஒட்டிய கடைசிக் குப்பத்தில் ஒரு மூதாட்டி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரோ போர்த்திவிட்ட பழைய சேலை தோளில் கிடந்தது.

"யாரம்மா அவர்?" என்று கேட்டார், மீன் காயவைத்துக்கொண்டிருந்தவளிடம்.

"தெரியலை ஐயா. புயலன்னிக்கு ஒதுங்குச்சு. ஊமை போல. பாவம், வாயே தெறக்கலை."

சேந்தன் மூதாட்டியின் பின்னால் போய் நின்றார். உரக்கக் கூப்பிடத் தொண்டையில் குரல் இல்லை. கிசுகிசுப்பது போலத்தான் வந்தது.

"மா."

மூதாட்டி திரும்பினாள்.

அவள் சேந்தனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், அவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று யாரையோ தேடினாள். யாரும் இல்லை என்று கண்டதும் சேந்தனின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல அவருக்கு எந்த மொழியும் வரவில்லை. வந்த வழியைக் கையால் காட்டினார். கிழவரின் தாடியைத் தன் முகத்தில் வரைந்து காட்டினார். மூதாட்டி அவருடைய கையை எட்டிப் பிடித்தாள். விடவே இல்லை. பள்ளிக்கு வந்து சேரும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

கிழவர் முற்றத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடிகள் அவர் தோளைத் தொட்டார்.

கிழவர் புரண்டு பார்த்தார். எழ முயன்றார். முடியவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அந்தச் சொல் இந்த முறை வெளியே வரவில்லை.

மூதாட்டி சேந்தனின் கையை விட்டாள். போய் அவரருகில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தடவினாள், காதைத் தடவினாள், ஒட்டிய வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாய் திறந்தாள். ஊமை என்று ஊர் நம்பியவள் மூச்சுவிடாமல் பேசினாள். பேசிக்கொண்டே கடலைக் காட்டினாள். கிழக்கே, வெகு தொலைவு என்பதுபோல் கையை வீசினாள். நடுநடுவே கிழவரின் தோளில் பட்பட்டென்று அடித்தாள். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிய, பல்லில்லாத வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

சேந்தன் வெகுநேரம் உற்றுக் கேட்டார்.

"கிழக்கே ஏதோ தீவு போலிருக்கிறது. தென்றல் திரும்பினால் அந்தப் பக்கம் கப்பல் போகும், அனுப்பிவைக்கலாம்" என்றார். "ஆனால் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை அடிகளே."

"எனக்கும்தான்."

"அப்படியென்றால், மா என்ற அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் என்ன பொருள் என்று நமக்குத் தெரியாமலே போய்விடுமா?"

பூதி அடிகள் முற்றத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"அதோ, கிழவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது."